விருதோடு வந்த கழிச்சல்

ஒரு காட்டில், ஓடைக்கு இந்தக் கரையில், பத்துக் கொட்டில்கள் வரிசையாக இருந்தன. பத்திலும் தாய்ப்பன்றிகள் குட்டி போட்டு, பால் கொடுத்து, வேலிச் சண்டை போட்டு, சமாதானமாகி வாழ்ந்துவந்தார்கள். அந்தக் காட்டுக்கு அப்போது எல்லா வசதியும் வந்துவிட்டது. குரங்குகள் கையில் செல்போன் இருந்தது. புற்று கட்டக் கறையானுக்கு அனுமதிச் சீட்டு இருந்தது. குயில் கூவுவதற்குக்கூட முன்கூட்டியே படிவம் கொடுக்க வேண்டியிருந்தது.

ஏழாம் நம்பர் கொட்டிலில் இருந்தவள் மருக்கொழுந்து. பேருக்கு ஏற்ற மாதிரியே இருப்பாள். விடிந்ததும் கொட்டிலைக் கழுவுவாள். கழுவியது காய்ந்ததும் சுண்ணாம்பு தூவுவாள். பழைய வைக்கோலை அள்ளித் தூரக் கொண்டுபோய்க் கொளுத்திவிட்டு, வெயிலில் உலர்த்திய புது வைக்கோலைப் பரப்புவாள். குட்டி போடுவதற்கு முதல் நாள் தன் மடியைத் தானே வேப்பிலைத் தண்ணீரில் கழுவிக்கொள்வாள். வாசலில் ஒரு கல்தொட்டி வைத்து மருந்துத் தண்ணீர் ஊற்றியிருந்தாள். அதில் காலை நனைக்காமல் காற்றுகூட உள்ளே வரக் கூடாது என்பது அவள் சட்டம்.

அதற்குக் காரணம் இருந்தது. முதல் ஈற்றில் அவளுக்கு ஒன்பது குட்டிகள். நான்கைக் கழிச்சல் கொண்டுபோய்விட்டது. காலையில் மடி முட்டிப் பால் குடித்த குட்டி, மதியம் வாலெல்லாம் நனைந்து துவண்டு கிடந்தது, சாயங்காலம் இல்லை. அந்த நான்கையும் புதைத்துவிட்டு வந்த அன்று எடுத்த துடைப்பத்தை அவள் பிறகு கீழே வைக்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ரேஷன் வரிசையில் அவள் போய் நின்றால் முன்னால் நிற்கும் மான் மூக்கை மூடிக்கொண்டு இரண்டடி தள்ளிக்கொள்ளும்.

"நான் குளிச்சிட்டுத்தாங்க வந்திருக்கேன்" என்பாள் மருக்கொழுந்து.

"அதுக்கில்லம்மா, பழக்கதோஷம்" என்று மான் சொல்லும், மூக்கை விடாமல்.

எட்டாம் நம்பர் கொட்டிலில் இருந்தவள் பூசணி. பேருக்கு ஏற்ற உடம்பு. அவள் கொட்டிலின் வாசலில் ஒரு பெரிய சேற்றுக்குட்டை. அதில் கழுத்தளவு முங்கிக் கண்ணை மூடிக் கிடப்பாள். அந்தக் குட்டையின் வாசனை ஓடையைத் தாண்டிப் பஸ் நிற்கும் ஆலமரம் வரைக்கும் போகும் என்று சொல்வார்கள். தபால் கொண்டுவரும் புறா, அவள் வீட்டுத் தபாலை மட்டும் மேலேயிருந்தே போட்டுவிட்டுப் போய்விடும். மருக்கொழுந்து அவளோடு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. இனத்தின் மானத்தையே சேற்றில் முக்குகிறவளோடு என்ன பேச்சு?

அந்த வருஷம் மருக்கொழுந்து பதினோரு குட்டிகள் போட்டாள். பத்தோடு முடிந்தது என்று எழுந்து நின்ற பிறகு வந்து விழுந்தது பதினொன்றாவது. கைப்பிடி அளவுதான் இருந்தது. அதற்குப் 'போனஸ்' என்று பெயர் வைத்தாள்.

குட்டிகள் பிறந்த நான்காம் நாள், சுகாதார ஆய்வாளர் நாரை வந்தார். நெடிய கால், அந்தக் காலில் முழங்கால் வரைக்கும் கருப்பு ரப்பர் பூட்ஸ், அலகுக்கடியில் ஒரு கட்டுப் படிவம். ஓடையின் இரு கரைகளிலும் இருந்த எல்லாப் பன்றிக் கொட்டில்களையும் பார்த்து, மிகச் சுத்தமான ஒன்றுக்கு 'சுத்தச் செம்மல்' என்ற விருது கொடுக்கும்படி அவருக்கு மேலிடத்து உத்தரவு.

பூசணியின் வாசலில் அவர் நிற்கவேயில்லை. பத்தடி தூரத்திலேயே அலகை இறகுக்குள் புதைத்துக்கொண்டு, 'ஆய்வு செய்ய இயலவில்லை. காரணம்: காற்று' என்று எழுதிவிட்டு நடந்தார்.

மருக்கொழுந்தின் வேலியோரம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். அன்றைக்கு அவர் உள்ளே வரவில்லை. வெளியே நின்றபடியே சுண்ணாம்புத் தரையையும் மொறுமொறு வைக்கோலையும் வரிசையாகப் படுத்துப் பால் குடிக்கும் பதினோரு குட்டிகளையும் பார்த்தார். அவர் கண்ணில் ஈரம் தெரிந்தது.

"அம்மா, இது கொட்டிலா கோயிலா?" என்றார்.

மருக்கொழுந்தைப் பார்த்து மூக்கை மூடாமல் பேசிய முதல் அதிகாரி அவர்தான்.

இரண்டு நாள் கழித்து விழா. பந்தல் போட்டு, மைக் வைத்து, குரங்குகள் செல்போனை உயர்த்திப் பிடித்து நேரலை ஓட்டின. மான்கூட வந்திருந்தது. நாரை அன்று காலையிலிருந்து அக்கரையில் கணக்குக்காக மிச்சமிருந்த ஏழு கொட்டில்களை ஆய்வு செய்து முடித்துவிட்டு, அப்படியே நேராக வந்திருந்தார். பூட்ஸில் ஏழு கொட்டிலின் ஈரமும் அடுக்கடுக்காக ஒட்டியிருந்தது.

மருக்கொழுந்து வாசலில் ஓடிவந்து நின்றாள்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் தொட்டியில கொஞ்சம் காலை நனைச்சிட்டு..."

"அம்மா, இது அரசாங்க பூட்ஸ்" என்றார் நாரை, மிகவும் அன்பாக. "இதை மருந்துத் தண்ணியில நனைச்சேன்னா மேலிடத்துக்கு மூணு பக்கம் விளக்கம் எழுதணும். எனக்கு ஒண்ணும் இல்ல, உங்க விருதுதான் தள்ளிப்போகும்."

மருக்கொழுந்து தொட்டியைப் பார்த்தாள். பந்தலில் மூக்கை மூடாமல் உட்கார்ந்திருந்த மானைப் பார்த்தாள். மேசைமேல் பளபளத்த விருதுப் பலகையைப் பார்த்தாள். 'ஒரு நாள்தானே' என்று நினைத்தாள். தொட்டியை ஒரு ஓரமாக நகர்த்தினாள்.

நாரை உள்ளே வந்தார். அவர் பின்னாலேயே பந்தல் முழுக்க உள்ளே வந்தது.

பிறகு நாரை பேசினார். 'கால் கழுவுவதன் அவசியம்' என்பது தலைப்பு. நாற்பது நிமிஷம் பேசினார். பேசும்போது சுண்ணாம்புத் தரையில் இப்படியும் அப்படியுமாக நடந்தார். பேச்சின் உச்சத்தில் போனஸைத் தூக்கி, "இந்தப் பிஞ்சின் உயிர் நம் காலில் இருக்கிறது!" என்று முழங்கி, பூட்ஸ் போட்ட காலை மடக்கி உட்கார்ந்து தன் மடியில் வைத்துக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. குரங்குகள் வரிசையில் நின்று, ஒவ்வொரு குட்டியையும் தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொண்டன. மான் ஐந்தாவது குட்டியின் நெற்றியில் முத்தம் கொடுத்தது.

விருதுப் பலகையில் 'சுத்தச் செம்மல்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'சத்தச் செம்மல்' என்று அச்சாகியிருந்தது. மருக்கொழுந்து அதைக்கூடக் கவனிக்கவில்லை. அன்று முழுக்க அவள் கால் தரையில் படவில்லை.

அதற்கு இரண்டாம் நாள் காலை போனஸ் பால் குடிக்க வரவில்லை. போய்ப் பார்த்தாள். மூலையில் நடுங்கிக்கொண்டு நின்றது. வால் நனைந்திருந்தது. பின்னங்கால் இரண்டிலும் மஞ்சளாகத் தண்ணீர் வழிந்திருந்தது.

மத்தியானத்துக்குள் நான்கு. வெயில் சாய்வதற்குள் ஒன்பது.

மரங்கொத்தி டாக்டரம்மா வந்தார். வாசலிலேயே காலைத் தொட்டியில் முக்கி, அலகையும் முக்கி, இறகை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். போனஸின் வயிற்றில் டொக் டொக் என்று இரண்டு தட்டு. தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது.

"பொறந்து எத்தனை நாளாச்சு?"

"எட்டு நாள், டாக்டரம்மா. என்ன நோய்ன்னு சொல்லுங்க. எந்த மருந்துன்னாலும் வாங்கிடறேன்."

"கழிச்சல்ங்கறது ஒரு நோய் இல்லம்மா. வாசல்ல நிக்கிற ஆள். யாரு அனுப்பினாங்கன்னு பார்க்கணும்" என்றார் டாக்டரம்மா. "மூணு நாளைக்குள்ள வந்திருந்தா ஒரு பாக்டீரியாவைச் சந்தேகப்படுவேன். ரத்தமாப் போனா இன்னொண்ணு, அது ரொம்பப் பொல்லாதது. ஒரு வாரத்துக்கு மேல, பசை மாதிரி போனா காக்சிடியாங்கற ஒட்டுண்ணி. உனக்கும் சேர்த்துப் போய், எல்லாரும் வாந்தியும் எடுத்தா அது வேற ஒரு வைரஸ், ஒரு கொட்டிலையே காலி பண்ணிடும். இது தண்ணியா மஞ்சளா போகுது, நீ நல்லாத்தான் இருக்கே. ரோட்டா வைரஸா இருக்கலாம்."

"இருக்கலாமா?"

"பார்த்த உடனே அடிச்சுச் சொல்றதுக்கு நான் ஜோசியக்காரி இல்ல. சாம்பிள் எடுத்து லேப்ல குடு. வைரஸ்னா ஊசி போட்டு ஒண்ணும் ஆகாது. அதுவரைக்கும் குட்டிங்க உடம்புல தண்ணி குறையாமப் பார்த்துக்க. கொதிச்சு ஆறின தண்ணியில அளவா உப்பும் சர்க்கரையும் கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே இரு. பால் குடிச்சா குடிக்கட்டும், தடுக்காதே. கதகதப்பா வை, ஈரம் ஆகவே கூடாது."

போகும்போது மறுபடியும் தொட்டியில் காலை முக்கினார். வாசலில் ஒரு நிமிஷம் நின்றார்.

"ஆமா, இந்தக் கொட்டிலுக்குள்ள இது எப்படி வந்துச்சு? நீதான் யாரையும் விட மாட்டியே?"

மருக்கொழுந்து தரையைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் அவள் ஒரு தேக்கிலைப் பொட்டலத்தை வாயில் கவ்விக்கொண்டு லேப் வரிசையில் நின்றாள். லேப் சாணிவண்டுகளுடையது. காட்டிலேயே தன் வேலையை மனதார விரும்பிச் செய்தவர்கள் அவர்கள் மட்டும்தான். டோக்கன் நாற்பத்து மூன்று. செல்போனுக்கு ரகசிய எண் வரும், அதை அங்கே இருந்த திரையில் அழுத்த வேண்டும் என்றார்கள். குளம்பால் ஒரு எண்ணை அழுத்தினால் மூன்று எண் விழுந்தது. மூன்று தடவை தப்பாகி, நான்காவது தடவை பின்னால் நின்ற முள்ளம்பன்றி தன் முள் ஒன்றால் குத்திக் கொடுத்தது.

கவுன்ட்டரில் இருந்த சாணிவண்டு பொட்டலத்தைப் பிரித்தது. அதன் முகம் மலர்ந்தது.

"அருமை! அருமையான சாம்பிள்மா. எட்டு வருஷ சர்வீஸ்ல இந்த நிறத்தை நான்..."

"என் குட்டி சாகக் கிடக்குதுங்க" என்றாள் மருக்கொழுந்து.

சாணிவண்டு வெட்கப்பட்டு முகத்தைச் சரிசெய்துகொண்டது. படிவத்தைப் பார்த்தது. "ஆறாவது கட்டம் காலியா இருக்கே. 'நோயின் காரணம்'."

"அது தெரியத்தானே வந்திருக்கேன்."

"எந்தக் கிருமின்னு நீங்க எழுதினாத்தான், அது இருக்கா இல்லையான்னு நாங்க சொல்ல முடியும். காலியா விட்டா நாங்க எதைத் தேடறது?"

மருக்கொழுந்து பேனாவை வாங்கினாள். டாக்டரம்மா சொன்ன ஐந்தையும், பேர் சொல்லாததை அவர் சொன்ன அடையாளத்தோடு, வரிசையாக எழுதினாள். இடம் மிச்சம் இருந்தது. ஒரு நிமிஷம் யோசித்து, ஆறாவதாக 'என் ஆசை' என்று எழுதினாள். சாணிவண்டு படித்தது. அதற்கான சோதனை லேப்பில் இல்லை.

ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது. ரோட்டாதான். முடிவைக் கொடுக்கும்போது சாணிவண்டு குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"உங்ககிட்ட சொல்லலாமா தெரியல. நேத்தும் இன்னிக்குமா ஏழு சாம்பிள் இதே மாதிரி. எல்லாமே அக்கரைக் கொட்டில். படிவத்துல பதினாலாவது கட்டம் இருக்குல்ல, 'நோய்க்கு முன் கடைசியாக வந்து சென்றவர்'? ஏழுலயும் ஒரே பேர்தான்."

மருக்கொழுந்து தன் படிவத்தின் பதினான்காவது கட்டத்தைப் பார்த்தாள். அவளே எழுதியிருந்தாள்: சுகாதார ஆய்வாளர் நாரை.

அவள் ஓடி வந்தாள். வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள். கொட்டிலை நெருங்கும்போது உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. பதறிப்போய்ப் பார்த்தால், உள்ளே குட்டிகளைத் தவிர யாரும் இல்லை. பக்கத்துக் கொட்டிலில் பூசணி, பனைமட்டை வேலியின் பொத்தலில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, கர்ணகொடூரமாகத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா" என்றாள் பூசணி. "ரெண்டாவதும் ஏழாவதும் பரவாயில்ல, எந்திரிச்சு நடந்துச்சு. அந்தச் சின்னது மட்டும் அசையவேயில்ல. நான் பாடினேன், காதை மட்டும் ஆட்டிச்சு. ஆட்டிச்சுன்னா உசிரு இருக்குன்னு அர்த்தம்."

மருக்கொழுந்து வேலியோரம் போனாள். "உள்ள வாங்கக்கா" என்றாள்.

"வர மாட்டேன்."

"நான் பேசாம இருந்ததை மனசுல வெச்சுக்காதீங்க."

"அடி இவளே! எனக்கும் உள்ள ஒன்பது உருப்படி இருக்கு. உன் கொட்டிலுக்குள்ள நான் கால் வெச்சா உன் நோயை அங்க கொண்டுபோவேன், என் கொட்டில்ல இருக்கிறதை இங்க கொண்டாருவேன். வராம இருக்கிறதுதான்டி நான் உனக்குச் செய்யற உபகாரம். நீ அதைப் பாரு, நான் வேலிக்கு இந்தப் பக்கம் பேசிக்கிட்டு இருக்கேன்."

மற்ற எட்டுக் கொட்டில்காரிகளுக்கும் அவ்வளவு பெரிய மனசு இல்லை. அதனால் அவர்கள் எல்லோரும் விசாரிக்க வந்தார்கள். ஒருத்தி கிழங்கு கொண்டுவந்தாள். ஒருத்தி கண்ணீர் கொண்டுவந்தாள். விருது வாங்கிய வீட்டில் நோய் எப்படி இருக்கும் என்று பார்க்க ஒருத்தி தன் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மருக்கொழுந்து வாசலில் குறுக்கே விழுந்து மறித்தாள். "வராதீங்க, ஒட்டிக்கும், சொன்னா கேளுங்க" என்று கத்தினாள்.

"விருது வந்ததும் தலைக்கனம் வந்துடுச்சு" என்றாள் கிழங்கு கொண்டுவந்தவள்.

"இவளாவது பரவாயில்ல. அந்தப் பூசணி, பக்கத்து வீட்டுல இருந்துக்கிட்டு எட்டிக்கூடப் பார்க்கலையாம். அவளுக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே கிடையாது" என்றாள் கண்ணீர் கொண்டுவந்தவள்.

வாசலில் மறித்தாலும், அவர்கள் மிதித்து நின்ற இடமெல்லாம் விழாக் கூட்டம் மிதித்துப் போன இடம். அதையே மிதித்துக்கொண்டு அவரவர் கொட்டிலுக்குத் திரும்பிப் போனார்கள்.

அன்று மத்தியானம்தான் மோசமான நேரம். போனஸின் கண் உள்ளே போய்விட்டது. காது சில்லிட்டது. மருக்கொழுந்து அதைத் தன் கழுத்தடியில் அணைத்துப் படுத்துக்கொண்டு, பூவரச இலையைச் சுருட்டி, உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயோரத்தில் விட்டாள். பாதி வெளியே வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் விட்டாள். முதல் ஈற்றில் போன நான்கின் முகங்களும் வரிசையாக வந்து நின்றன.

"முழுங்குதா?" என்றது வேலிக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

"தெரியலக்கா."

"நீ விட்டுக்கிட்டே இரு. எண்ணாதே. எண்ணினா பயம் வரும்."

"அக்கா, ஏதாவது பேசிக்கிட்டே இருங்க."

பூசணி பேசினாள். தன் இரண்டாவது புருஷன் ஒரு வேலியில் மாட்டிக்கொண்டு மூன்று நாள் தேர்தல் தட்டிபோல நின்றதைச் சொன்னாள். தபால் புறா மேலேயிருந்து போட்ட கல்யாணப் பத்திரிகை சேற்றில் முங்கி, கல்யாணம் எங்கே என்று தெரியாமல் வேறு ஒரு கல்யாணத்தில் போய்ச் சாப்பிட்டு வந்ததைச் சொன்னாள். மருக்கொழுந்து ஒரு சமயம் அழுதபடியே சிரித்துவிட்டாள். சிரிப்பில் உடம்பு குலுங்கியது. குலுங்கியதில் போனஸின் தூக்கம் கலைந்தது. அது எரிச்சலோடு கண்ணைத் திறந்து, பக்கத்தில் இருந்த அம்மாவின் காதைக் கடித்தது. பிறகு இலையைக் கடித்தது. பிறகு, இதெல்லாம் வேலைக்காகாது என்பதுபோலத் தள்ளாடி நடந்துபோய், மடியில் தன் இடத்தில் படுத்திருந்த நான்காவது குட்டியை முட்டித் தள்ளிவிட்டுப் பால் குடிக்க ஆரம்பித்தது.

"அக்கா!" என்று மருக்கொழுந்து கத்தினாள். "சண்டை போடுதுக்கா!"

"பின்ன? பன்னியா கொக்கா?" என்றாள் பூசணி.

பதினொன்றும் பிழைத்தன. இரண்டு மட்டும் கொஞ்சநாள் ஓமக்குச்சியாகத் திரிந்தன.

ஆனால் அந்த வாரமே மற்ற எட்டுக் கொட்டில்களிலும் கழிச்சல் வந்தது. டாக்டரம்மா கொட்டில் கொட்டிலாகப் பறந்தார். எட்டுப் பேரும் உப்பும் சர்க்கரையும் கரைத்துக்கொண்டு, யாரையும் விசாரிக்க நேரமில்லாமல் இருந்தார்கள். அதனாலேயே நோய் மெல்ல அடங்கியது. நாரை வந்து பார்த்து அறிக்கை எழுதினார். 'பரவியதற்கான காரணம்' என்ற இடத்தில் 'பருவநிலை மாற்றம்' என்று போட்டார். அதை எழுதுவதற்காக எட்டுக் கொட்டிலுக்குள்ளும் ஒரு சுற்றுப் போய்வந்தார்.

பூசணியின் கொட்டிலில் மட்டும் ஒரு குட்டிகூடக் கழியவில்லை.

மருக்கொழுந்துக்கு இது விளங்கவில்லை. ஒருநாள் வேலிப் பொத்தல் வழியாக முதல் தடவையாக அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அசந்துபோனாள். வாசலில்தான் சேறு. உள்ளே குட்டிகள் படுக்கும் இடம் தட்டினால் தூசி பறக்கும் அளவுக்குக் காய்ந்து, சுத்தமாக இருந்தது.

"என்னக்கா இது! இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க?"

"மெதுவாப் பேசுடி, யார் காதுலயாவது விழப்போகுது" என்றாள் பூசணி. "நமக்கு வேர்க்காது. வெயிலுக்கு உடம்பு குளுந்துபோக ஒரு சேறு வேணும், அது எனக்கு. குட்டிங்களுக்கு என்னத்துக்குச் சேறு? அந்த நாத்தம் இருக்கு பாரு, அது நான் வெச்சிருக்கிற வாட்ச்மேன். சம்பளம் இல்லாம நாள் முழுக்க நிக்கறான்."

அந்த வாட்ச்மேனுக்குத்தான் அடுத்த ஆபத்து வந்தது. நோய் அண்டாத ஒரே கொட்டில் பூசணியுடையது என்று நாரை மேலிடத்துக்கு எழுதியிருந்தார். மேலிடம் மகிழ்ந்துபோனது. வரும் வெள்ளிக்கிழமை பூசணிக்குப் பாராட்டு விழா, கொட்டிலுக்குள்ளேயே நடத்த வேண்டும், இந்தத் தடவை பக்கத்துக் காட்டின் ஆய்வாளர்களும் வருவார்கள் என்று கடிதம் வந்தது. புறா அதை மேலேயிருந்து போட்டது.

பூசணி வாழ்க்கையில் முதல்முறையாகப் பயந்தாள். "ஐயோ, மூக்கைப் பொத்திக்கிட்டாவது வந்துடுவானுங்கடி. உள்ள ஒன்பது இருக்கே. நான் என்ன செய்ய?"

மருக்கொழுந்துக்குப் படிவங்களைப் பற்றி இப்போது எல்லாம் தெரியும். அவள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள்.

"அக்கா, உங்க மேல ஒரு மொட்டைப் பெட்டிஷன் போடலாம்."

"என் மேலயா?"

"நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதறேன். நல்லாத் திட்டணும்."

இருவரும் வேலிக்கு இரு பக்கமும் உட்கார்ந்து எழுதினார்கள். பூசணி தன்னைப் பற்றித் தானே சொன்னாள். 'மேற்படி பூசணி குளித்து வருடக்கணக்காகிறது. அவள் வாசலைக் கடந்த ஒரு தவளை மயங்கி விழுந்தது. இவளுக்கு விருது கொடுத்தால் துறையின் மானம் என்னாவது?' எழுதிக்கொண்டே வரும்போது பூசணிக்கு வேகம் வந்துவிட்டது. "இன்னும் காரமாப் போடு, இவ்வளவுதானா நான்?" என்றாள். கீழே 'பொதுநல விரும்பி' என்று கையெழுத்துப் போட்டார்கள்.

மொட்டைப் பெட்டிஷன் எந்தப் படிவத்தையும்விட வேகமாக மேலே போகும். வியாழக்கிழமையே நாரை ஓடி வந்தார். பூசணி அன்று காலையிலிருந்து சேற்றைக் காலால் கலக்கி விட்டுக்கொண்டிருந்தாள். பத்தடி தூரத்தில் நாரைக்குக் கண் இருட்டியது. இருபதடி தூரத்தில் போய் நின்றுகொண்டு உத்தரவு எழுதினார். மறுநாள் விழா நடக்கவில்லை. அதற்குப் பதில் பூசணியின் வாசலில் ஒரு சிவப்புப் பலகை நட்டார்கள்: 'சுகாதாரமற்ற கொட்டில். எவரும் உள்ளே நுழையக் கூடாது. மீறினால் தண்டனை.'

பூசணி அந்தப் பலகையைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். மூன்று மாதம் ஒரு ஈகூட உள்ளே போகவில்லை.

மருக்கொழுந்து அந்தப் பலகையை வேலி வழியாக ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்த ஈற்று வயிற்றில் இருந்தது. விருது வாங்கிய கொட்டில் என்பதால் வாரத்துக்கு ஒரு குழு பார்வையிட வந்துகொண்டிருந்தது. அவள் நேராக நாரையிடம் போனாள்.

"ஐயா, எனக்கும் அந்தச் சிவப்புப் பலகை வேணும்."

நாரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா, நீங்க செம்மல்! உங்களுக்கு எப்படி..."

"விருதைத் திருப்பிக் குடுத்துடறேன்."

"திருப்பி வாங்கறதுக்குப் படிவம் கிடையாதே. அசுத்தத்துக்கு ஆதாரம் இருந்தா வேணும்னா ரத்து பண்ணலாம்."

அன்று சாயங்காலம் பூசணி தன் குட்டையிலிருந்து நன்றாக முற்றிய சேறாகப் பார்த்து எட்டுக் கூடை அள்ளி, வேலிக்கு மேலாகவே எறிந்து கொடுத்தாள். மருக்கொழுந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அதைத் தன் வாசலில் மட்டும் பரப்பினாள். அவளுக்கு இரண்டு தடவை குமட்டியது. நாரை வந்தார், தூரத்திலிருந்தே செல்போனில் பெரிதாக்கி ஒரு படம் எடுத்தார், பெருமூச்சு விட்டார். "எப்படி இருந்த கொட்டில்!" என்று சொல்லிக்கொண்டே பலகையை நட்டுவிட்டுப் போனார்.

அந்த ஈற்றில் மருக்கொழுந்துக்குப் பன்னிரண்டு குட்டிகள். உள்ளே சுண்ணாம்புத் தரை கண்ணைப் பறித்தது. ஒரு வால்கூட நனையவில்லை. ரேஷன் வரிசையில் மான் இப்போது பத்தடி தள்ளி நிற்கிறது. மருக்கொழுந்து இன்னும் இரண்டடி தள்ளிப்போகச் சொல்கிறாள்.

விஷயம் மெல்லக் கசிந்தது. மற்ற எட்டுக் கொட்டில்காரிகளும் பெட்டிஷன் போட்டார்கள், அவரவர் மேல் அவரவரே. இப்போது பத்து வாசலிலும் பத்துச் சிவப்புப் பலகைகள். காட்டிலேயே மிக அசுத்தமான குடியிருப்பு என்று அரசாங்கக் குறிப்பேட்டில் அது முதலிடத்தில் இருக்கிறது. அங்கே கழிச்சல் வந்து வருஷம் இரண்டாகிறது. ஆய்வாளர் நாரைக்கு உள்ளே போக இடமில்லாததால், கால் கழுவுவதன் அவசியத்தைப் பற்றி ஓடையில் நின்றபடி மீன்களுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார். மீன்கள் மிகவும் கவனமாகக் கேட்கின்றன. அவற்றுக்குக் கால் கிடையாது.

நீதி: சுத்தம் சோறு போடும், சுத்தத்துக்குக் கொடுக்கும் விருது பேதி போடும். ஆகவே வீட்டைக் கழுவி வை, வாசலை நாறவிடு.